நான்காவது ஆணி

ஜனவரி 29, புதன். கோவில்பட்டி

என் மகள் வயிற்றுப் பேரன் சங்கரநாராயணன் மதுரையில் எலும்பு டாக்டர். மூன்று மாடி ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி முழுக்க அவன் பார்ப்பதுதான். அவன் தங்கை கோமதி சிங்கப்பூரில் ஆடிட்டர். அவள் பிரசவத்துக்குப் போய் வரத்தான் நான் பாஸ்போர்ட்டே எடுத்தேன். என் மகன் சண்முகவேலுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் செண்பகம் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் ஏழு பேர் ஆம்பிளைகள். இளையவன் இசக்கிராஜா பி.இ., எலக்ட்ரிக்கல். நான்கு பேரும் கருப்புக் கவுன் போட்டு, சப்பைத் தொப்பி வைத்து, கையில் சுருட்டிய காகிதத்தோடு எடுத்த படம் எங்கள் வீட்டு நடு அறையில் வரிசையாக மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சுவரைக் காட்டிவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன வேண்டும்.

நாலாவது படத்துக்காரன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. அப்பாவோடு சண்டை. என்ன சண்டை என்று இங்கே எழுதத் தேவையில்லை. முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று சுற்றுகிறான். மாதம் ஒரு தடவை அக்காவுக்கு மட்டும் போனில் ஏதாவது அனுப்புவான். ஆறு, மலை, படகு. முகம் இருக்காது. அக்டோபர் கடைசியில் ஓர் ஆற்றின் படம் வந்தது. எந்த ஊர் என்று கேட்டதற்கு லாவோஸ் என்று மட்டும் சொன்னானாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை.

செண்பகம் மூன்று வாரம் லீவு போட்டு, அவன் போன வழியிலேயே போய்த் தேடப் போகிறாள். நானும் போகிறேன். எழுபத்தோரு வயதில் எதற்கு என்று சண்முகவேல் ஒரு தடவை கேட்டான். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவனுக்குப் பம்புசெட் மோட்டார் கடை.

பையனைக் கண்டுபிடித்துக் கையோடு கூட்டி வர வேண்டும். அதுதான் வேலை. ஸ்டுடியோவில் சொல்லி நாலாவது படத்தை இருபது பிரதி போட்டு வாங்கிக்கொண்டேன். போகிற இடமெல்லாம் காட்டலாம், ஒட்டலாம்.

பிப்ரவரி 1, சனி

விமானத்தில் கொடுத்த தயிர் இனித்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு. பாங்காக்

ஒரே அறையில் எட்டுக் கட்டில். ரயிலில் இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று. எனக்குக் கீழ்க் கட்டில், என் தலைக்கு மேலே செண்பகம். எல்லாரும் முதுகுப்பைக்காரர்கள். ஆளை விடப் பை பெரிதாக இருக்கிறது. பையை இறக்கி வைத்ததும் அதே உருவம் பாதியாகிவிடுகிறது.

எனக்கும் செண்பகம் ஒரு முதுகுப்பை வாங்கித் தந்திருக்கிறாள். அதில் இரண்டு சேலை, புளிக்காய்ச்சல், கருப்பட்டி, ஒரு சின்ன அலுமினியச் சட்டி, இருபது படம். சேலைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் பூட்ஸ். வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் என்னைப் படம் எடுக்கலாமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். பதிலுக்கு என் பேரன் படத்தைப் பார் என்று காட்டினேன். பார்த்ததில்லை என்று தலையாட்டினான்.

விடுதியில் உட்கார்ந்திருந்த பெண்ணும் பார்த்ததில்லை என்றாள். எந்தக் காலேஜில் வாத்தியார் என்று கேட்டாளாம். செண்பகம் இதை எனக்குச் சொல்லும்போது சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. வாத்தியார் மாதிரி இருக்கிறான் என்றால் நல்லதுதானே. அறிவிப்புப் பலகையில் ஒரு பிரதியை ஊசி குத்தி வைத்தேன்.

கை கழுவும் தொட்டியில் சேலை அலசினேன். காயப்போட இடமில்லை. கட்டில் கம்பியில் சுற்றி விட்டேன். அறை முழுக்க எங்கள் வீட்டுக் கொல்லை மாதிரி ஆகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய். சியாங் மாய்

ரயிலில் பதின்மூன்று மணி நேரம். நல்ல ரயில்.

இந்த விடுதிக்காரி பெயர் நொய். என் வயதில் பாதி இருக்கும். படத்தைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கினாள். நெற்றி வரை உயர்த்திக் கும்பிட்டாள். நல்ல மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், படத்தை ஒரு மேஜைமேல் சாய்த்து வைத்து, முன்னால் மல்லிகைச் சரமும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்திருக்கிறாள்.

சரத்தை எடுத்து என் தலையிலேயே வைத்துக்கொண்டேன். செண்பகம் ஓடிப்போய், தம்பி செத்துப்போகவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று விளக்கினாள். நொய் மிகவும் வருத்தப்பட்டாள். இப்படி உடை போட்டு, சட்டம் போல் கரை வைத்து, கீழே பெயரும் அச்சடித்த படத்தை யாரும் சும்மா கொண்டு வர மாட்டார்கள், அதனால் அப்படி நினைத்துவிட்டேன் என்றாளாம்.

"ஆச்சி, அந்தப் படத்த இனி வெளிய எடுக்காதீங்க. அது அவன மாதிரியே இல்ல. ஸ்டுடியோக்காரன் வெள்ளையடிச்சு வச்சிருக்கான்" என்றாள் செண்பகம்.

"ஏட்டி, நல்லா இருக்கணும்னுதானே படம் எடுக்கது" என்றேன்.

அவள் போனில் தம்பி படம் இரண்டு இருக்கிறது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் எடுத்தது. அப்போது கன்னம் புஸ்ஸென்று இருப்பான். அதையும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

சாயங்காலம் செண்பகத்துக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். இவள் தலை சொன்னபடி கேட்கும். அவன் தலை கேட்காது. உச்சியில் இரட்டைச் சுழி, இடது பக்கம் ஒன்று, கொஞ்சம் கீழே ஒன்று. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் நடுவில் ஒரு கொத்து முடி எழுந்து நிற்கும். பத்து வயது வரை நான்தான் அழுத்தி அழுத்திச் சீவிவிட்டேன். படத்தில் தொப்பி அதை மறைத்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கால் வீக்கம். புளிக்காய்ச்சல் பாதி தீர்ந்துவிட்டது. நான்கு விடுதியில் கேட்டோம். இல்லை, இல்லை, இல்லை. நாலாவது விடுதியில் ஆள் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. எல்லை

ஒரு பாலம் தாண்டினால் லாவோஸ். அங்கேயே விசா கொடுக்கிறார்கள். அதற்கு நம் முகம் வேண்டுமாம். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று. என்னிடம் அவன் படம் பதினாறு இருக்கிறது, என் படம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கரையில் ஒரு கடையில் உட்கார வைத்து எடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், முக்காட்டை எடுக்கச் சொன்னார்கள். பவுடர் போடலாமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கையை ஆட்டினார். வேண்டாம், இருக்கிறபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபீசர் விட மாட்டார் என்று செண்பகம் சொன்னாள்.

படத்தைப் பார்த்தேன். கிழவிதான்.

லாவோஸ் எழுத்து முழுக்கச் சுழி சுழியாக இருக்கிறது. இங்கே செண்பகமும் என்னைப் போலத்தான், போர்டைப் பார்த்துப் பார்த்து நிற்கிறாள். மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. படகில் இரண்டாம் நாள்

மேகோங் ஆற்றில் நேற்றுக் காலை ஏறினோம். நீளப் படகு. பழைய கார் சீட்டுகளைக் கொண்டு வந்து தரையில் போட்டிருக்கிறார்கள், ஆணி அடிக்கவில்லை. படகு திரும்பினால் சீட்டும் திரும்புகிறது. பாதிப் பேர் முதுகுப்பைக்காரர்கள், பாதிப் பேர் ஊர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் கோழி, அரிசி மூட்டை, ஒரு மோட்டார் சைக்கிளோடு ஏறி, போர்டு இல்லாத மணல்திட்டுகளில் இறங்கிக்கொள்கிறார்கள்.

பக்கத்துச் சீட்டில் லோட்டே என்று ஒரு பெண். ஹாலந்து. இருபத்திரண்டு வயது. ஏழு மாதமாக ஊர் சுற்றுகிறாள். கையில் எல்லாருடைய பெயரும் எழுதிய நோட்டு வைத்திருக்கிறாள். எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, யார் யாரை எங்கே பார்த்தார்கள் என்று இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போகிறார்கள். எங்கள் தெருக் குழாயடி மாதிரிதான்.

அவளிடம் படத்தைக் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு செண்பகத்திடம் ஏதோ கேட்டாள். செண்பகம் எனக்குச் சொல்லாமல் ஆற்றைப் பார்த்தாள். என்ன கேட்டாள் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"இவ்வளவு நல்லாப் படிச்சவன் ஏன் வீட்ட விட்டுப் போனான்னு கேக்கா."

செண்பகமே பதில் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் 'அரியர்' என்ற சொல் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

எழுதிவிடுகிறேன். இசக்கிராஜா பி.இ. முடிக்கவில்லை. நான்கு பேப்பர் நின்றுவிட்டது. முடித்துவிட்டான் என்று நினைத்துச் சண்முகவேல், தெரிந்தவர் மூலம் ஒரு மில்லில் வேலைக்குச் சொல்லிவைத்தான். மானேஜர் சர்டிபிகேட் கேட்டார். அப்பாவும் பையனும் அவர் முன்னால் நிற்கிறார்கள். கொடுக்கச் சர்டிபிகேட் இல்லை. சண்முகவேல் வீட்டுக்கு வந்து கை ஓங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாலாவது படத்தைக் காட்டினான்.

"இந்தப் படத்துல நிக்கவன்தான் எம் மவன். நீ யாருல" என்றான்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். லுவாங் பிரபாங்

காலையில் துறவிகள் வரிசையாகப் போகிறார்கள். தெருவில் பெண்கள் முட்டி போட்டு ஆளுக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார்கள். சோறு கையில் ஒட்டுகிற ரகம். நானும் ஒரு கூடை வாங்கி வைத்தேன். முப்பது பேருக்கு வைத்தும் கூடையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டு நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.

லோட்டே சொன்ன விடுதியில் தங்கியிருக்கிறோம். நடத்துகிறவர் கெயோ என்ற அம்மா. அறுபது வயது. நல்ல குரல், தெருமுனை வரை கேட்கும். படத்தைக் கொடுத்தோம். தெரியாது என்றார். பேரைச் சொன்னோம். ராஜா என்று இங்கே வருஷத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்றார். செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது சின்ன வயதில். இன்று அழவில்லை, ஆனால் உட்கார்ந்த விதம் அப்படித்தான் இருந்தது. லீவில் பத்து நாள் போய்விட்டது.

நான் கால் வீக்கத்துக்கு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். சாப்பிடும் இடத்தில் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். வந்து போன முதுகுப்பைக்காரர்கள் எல்லாரும். சட்டம் கிடையாது, கண்ணாடி கிடையாது, கயிற்றில் துணிக் கிளிப்பு போட்டு மாட்டியிருக்கிறார்கள். பல்லைக் காட்டுகிறவர்கள், நாக்கை நீட்டுகிறவர்கள், தூங்குகிறவர்கள். இப்படிக் கூடவா மாட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு படத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் முகம் இருக்கிறது. ஒருவனுக்கு மட்டும் பின்தலை. ஒட்ட வெட்டிய முடி. உச்சியில் இடது பக்கம் ஒரு சுழி, கொஞ்சம் கீழே ஒரு சுழி. நடுவில் ஒரு கொத்து எழுந்து நிற்கிறது.

நான் செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "ஆச்சி, பின்னாடி பாத்தா எல்லாரும் ஒன்னுதான்" என்றாள்.

"உனக்கு ஒன்னு. நான் பத்து வருசம் எண்ணெ வச்ச தலைட்டி இது."

கெயோ அம்மாவைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் விரிந்துவிட்டது. ராஜ், ராஜ் என்று கத்தினார். இரண்டு மாதம் இங்கே இருந்தானாம். சமையல்கட்டில் உதவி, மின்சார வேலை, தண்ணீர் மோட்டார் எல்லாம் அவன்தான். சோறும் கட்டிலும் கொடுத்தாராம். ஒல்லி, தாடி, நல்ல கறுப்பு. அக்டோபர் நடுவில் ஆற்றுக்கு மேலே நோங் கியாவ் என்ற ஊருக்குப் போனான். அங்கே அவர் தங்கை விடுதி வைத்திருக்கிறார்.

அவர் கையில் இன்னும் என் படம் இருந்தது. அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது அவன் அண்ணனா என்று கேட்டாராம்.

பிறகு சுவரில் தேடினேன். அவன் இருக்கும் படம் இன்னும் நான்கு அகப்பட்டது. நான்கிலும் பின்தலைதான். கெயோ அம்மா செய்து காட்டினார். யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், இவன் அப்படியே திரும்பிக்கொள்வானாம். அது இங்கே எல்லாருக்கும் ஒரு வேடிக்கையாம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அசதி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

வேன் நாளைக்குத்தான். சேலை துவைத்தேன். செண்பகம் உள்ளங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றேன்.

இருக்கிறது. இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன், பிறகு வாயால் சொல்ல வருகிறதா என்று பார்க்கலாம்.

பட்டம் கொடுப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் அவன் அடுப்படிக்கு வந்தான். தோசை கேட்பான் என்று நினைத்தேன். "ஆச்சி, நாலு பேப்பர் நிக்கு. அப்பாட்ட நீங்க சொல்லுதீங்களா" என்றான். வேறு யாரிடமும் அவன் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான்.

நான் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். செண்பகம் படத்துக்குப் பக்கத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு ஆணியும் அடித்தாகிவிட்டது. வெறும் ஆணியைப் பார்த்து எல்லாரும் எப்போது எப்போது என்று கேட்டார்கள். நான் சொன்னேன், பரீட்சை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், படத்தை இப்போது எடுத்துவிடு என்று. அவன் வேண்டாம் என்றான். நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கவுனும் தொப்பியும் ஸ்டுடியோவிலேயே வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். காகிதத்துக்குப் பதிலாக ஸ்டுடியோக்காரர் ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொடுத்தார். பல் தெரிய வேண்டாம் தம்பி என்றார். அவன் சிரிக்கவே இல்லை.

அந்த வாரமே சட்டம் போட்டு மாட்டினேன். என் கையால் மாட்டினேன்.

சண்முகவேல் அவனை யார் என்று கேட்டபோது அவன் என்னைத்தான் பார்த்தான். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன். நோங் கியாவ்

வேனில் நான்கு மணி நேரம். பாதை இல்லை, பள்ளம்தான். இரண்டு தடவை வாந்தி. லோட்டேயும் எங்களோடு வந்தாள். என் பையையும் அவளே முன்பக்கம் மாட்டிக்கொண்டாள்.

இரண்டு பெரிய மலை, நடுவில் ஆறு, ஒரு பாலம். அக்டோபரில் செண்பகத்துக்கு வந்த படத்தில் இருந்த அதே ஆறு என்றாள்.

விடுதிக்குப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். ஒரு தகரக் கூரைக்குக் கீழே, தரையில் சாக்கை விரித்து, ஒரு மோட்டாரைக் குடல் வேறு உடல் வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் கடைப் பேச்சில் காயில் கட்டுகிறான். சின்ன வயதில் அப்பா கடையில் பள்ளிக்கூடம் விட்டதும் உட்கார்ந்து பார்ப்பானே, அதே உட்காரல். தலை எங்களுக்கு நேராக இருந்தது.

செண்பகம் கூப்பிடப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். நடுவில் கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும். காயில் கட்டும்போது கூப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நின்றோம். எண்பத்தி நாலு என்று முடித்துக் கம்பியை வெட்டினான். பிறகு திரும்பினான்.

ஆளே மாறிவிட்டான். கன்னம் ஒட்டி, தாடி வைத்து, அவனுடைய தாத்தா மாதிரி இருந்தான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் பூட்ஸைப் பார்த்தான்.

"ஆச்சி, காலு வீங்கியிருக்கே" என்றான்.

செண்பகம் அவன் முதுகில் நாலு அடி அடித்துவிட்டுப் பிறகுதான் அழுதாள்.

போன் ஆற்றில் விழுந்துவிட்டதாம். இன்டர்நெட் கணக்கெல்லாம் அந்த நம்பரில்தான் இருந்ததாம். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான், அப்பா கடை போர்டில் எழுதியிருக்கும் நம்பர். அதற்கு எப்படிப் பேசுவது என்றான்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் அலுமினியச் சட்டியில் சோறு வடித்துப் புளிக்காய்ச்சல் மிச்சத்தைக் கிளறினேன். மூன்று பேரும் லோட்டேயும் சாப்பிட்டோம். லோட்டே கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். அவன் செம்புக் கம்பித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அந்தப் படம் இன்னும் அங்கதான் இருக்கா ஆச்சி?"

"இருக்கு."

"அப்ப நான் எதுக்கு? அவன் ஒருத்தன் இருக்கான்லா. பாஸ் பண்ணவன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் எரிந்துபோயிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான். செண்பகம் உடனே, இந்த ஆச்சி அந்தப் படத்தைப் பாங்காக்கில் இருந்து இங்கே வரை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார் என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். "ரெண்டு நாட்டுலயும் மாட்டியாச்சா" என்றான். பிறகு சிரித்துவிட்டான். முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 15, சனி

செண்பகத்தின் போனை வாங்கிக் கடைக்குப் போட்டேன். மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளிப் போகச் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கேட்கட்டும்.

"சண்முகம், பய கெடச்சிட்டான். நல்லாருக்கான். இரு, நான் சொல்லுதத முழுசாக் கேட்டுட்டுப் பேசு. நாலு பேப்பர் நிக்குன்னு அவன் எங்கிட்ட முதல்லயே சொல்லிட்டான். உங்கிட்டச் சொல்லச் சொன்னான். நான் சொல்லல. ஸ்டுடியோவுக்கு இழுத்துட்டுப் போனதும் நான்தான். அந்தப் படம் அவன் சொன்ன பொய் இல்ல, நான் சொன்னது."

அந்தப் பக்கம் கடையில் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது.

"தெரியும்" என்றான்.

ஸ்டுடியோக்காரர் வீட்டு மோட்டாரைச் சரிபார்க்கக் கொண்டு வந்தபோது சொன்னாராம். பையன் போன மறு வாரமே.

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேம்மா."

இரண்டு வருஷமாக அவன் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டான். நான்தான் பரிமாறினேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடு என்று மட்டும் சொன்னேன்.

"நீ மாட்டுனது. நீயே வந்து கழத்து" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப என்ன பண்ணுதான்" என்றான்.

"மோட்டாருக்குக் காயில் கட்டுதான்."

மறுபடியும் சத்தம் இல்லை. வைத்துவிட்டானோ என்று செண்பகம் போனை வாங்கிப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எத்தன எச்.பி.?"

எனக்கு அது தெரியாது. போனைப் பேரனிடம் நீட்டினேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். "ஒன்னரை" என்றான். பிறகு எத்தனை சுற்று, என்ன கம்பி, வார்னிஷ் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் எதைப் பூசுவது என்று பத்து நிமிஷம் பேசினார்கள். வேறு ஒன்றும் பேசவில்லை. குறித்துக்கொள்ளக் காகிதம் வேண்டும் என்று இவன் கையை ஆட்டினான். என் பையில் மிச்சம் இருந்த படம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் கொடுத்தேன். பின்பக்கம் நல்ல வெள்ளை. அதில் எழுதிக்கொண்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு அவன் கட்டிய மோட்டார் ஓடியது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் விடுதிக்காரம்மா கை தட்டினார். எலக்ட்ரிக்கல் மெஷின் என்ற பேப்பர்தான் அவனுக்கு மூன்று தடவை நின்றது என்று செண்பகம் சொல்கிறாள்.

பிப்ரவரி 17, திங்கள். கிளம்பும் நாள்

அவன் வரவில்லை. ஆற்றுக்கு மேலே இருக்கும் ஊர்களில் ஐந்து மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது. ஒத்துக்கொண்டுவிட்டான். மழை ஆரம்பிக்கிற வரை வேலை இருக்கிறது. "மழைக்குப் பொறவு பாப்போம் ஆச்சி" என்றான். பரீட்சை எழுதுவாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கையோடு கூட்டி வருவது என்று நான் முதல் பக்கத்தில் எழுதியது நடக்கவில்லை.

புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டோம். செண்பகம் தன் நம்பரையும் இந்தத் தடவை மனப்பாடம் பண்ண வைத்தாள். மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னாள்.

வேன் ஏறுவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்று லோட்டே போனைத் தூக்கினாள். நான், செண்பகம், விடுதிக்காரம்மா, அவன். பழக்கம், அவன் தன்னை அறியாமல் திரும்பிக்கொண்டான். லோட்டே போனை இறக்கிவிட்டாள். அவனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் தோளில் தட்டி, இருக்கட்டும்ப்பா என்றேன்.

வேன்காரர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவன் கையில் கொடுக்கப் போகிறேன். அதனால் இனி அவனுக்கே எழுதுகிறேன்.

இசக்கி, வீட்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி நானே அந்தப் படத்தைக் கழற்றுவேன். யாராவது எங்கே நாலாவது படம் என்று கேட்டால், அது தப்பான படம், நல்லது வர இருக்கிறது என்று சொல்வேன். தெருவிலும் நானே சொல்வேன். ஆணியைப் பிடுங்க மாட்டேன்.

உனக்குத் தோன்றுகிறபோது ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், அது உன் அக்கா போனோடு போய்விடும். காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. விலாசம் மாறவில்லை. சட்டம் பத்துக்குப் பன்னிரண்டு, அந்த அளவுக்குப் போடச் சொல். அழுக்குச் சட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, கையில் மோட்டார் இருந்தாலும் பரவாயில்லை. தாடியை எடுக்க வேண்டியதில்லை. பல் தெரிந்தால் தெரியட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

முகம் மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும்.